கோயில் வாசலில் மிஞ்சிய செருப்பு

ஜூன் 6, சனி
காலையிலேயே வெயில். சனீஸ்வரனுக்கு எள் விளக்கு போட்டுவிட்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். பழுப்பு நிறம், போன தீபாவளிக்கு வாங்கியது.

பூ விற்கும் லட்சுமிக்குச் சிரிப்பு. "என்னா சார், சிலிப்பர் போச்சா? நல்லதுலா! சனிக்கெழம கோயில்ல சிலிப்பர் போனா, பீடையும் அதோட போயிரும். வீட்டுக்குப் போயி தலைக்குக் குளிங்க."

சொல்லிவிட்டு அபிஷேகம் பார்க்க உள்ளே போய்விட்டாள். தார் ரோடு கொதிக்கிறது. மூலையில் ஒரே ஒரு கறுப்பு ஜோடி. என்னுடையதை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவருடையதாக இருக்கும் என்று முடிவு செய்தேன். சரியான முடிவா? தெரியவில்லை. அளவு கச்சிதம்.

ஜூன் 7, ஞாயிறு
மூட்டம். மகன் குமரனும் ஹன்னாவும் புதன்கிழமை வருகிறார்கள். வாங்க: ரொட்டி, சீஸ் (எந்த வகை?), கொசுவர்த்தி, மேல் அறைக்கு மெத்தை விரிப்பு. ஹன்னாவுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணம் நெதர்லாந்தில் நடந்ததால், மருமகள் இந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

இடது முழங்காலில் வலி. விழவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. சந்தேகம் வந்து செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருக்கிறது. இழுத்து இழுத்து நடந்த கால்.

ஜூன் 8, திங்கள்
கிளினிக். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "வயசுதான் அங்கிள்."

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு. எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று. லட்சுமியின் கை பூ கட்டுவதை நிறுத்திவிட்டது.

"ஐயோ சார், இதயா போட்டுட்டுப் போனீங்க? ஒருத்தரு வேணும்னே விட்டுட்டுப் போனது. நொண்டி நொண்டி வந்தாரு. போறப்ப வெறுங்கால்ல விறுவிறுன்னு நடந்து போனாரு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"யாரு அவரு?"

"தெரியலயே. முன்ன பின்ன பாத்ததில்ல. இங்க வைக்காதீங்க சார், வேற யாராச்சும் மாட்டிக்குவாங்க. பாவம்லா."

பையோடு திரும்பினேன். இடது காலை இழுத்துக்கொண்டு.

ஜூன் 9, செவ்வாய்
ரிட்டையர் ஆகும்வரை புவியியல் நடத்தியவன். எந்த நாட்டு மக்கள் எதை உண்பார்கள், எதற்கு அஞ்சுவார்கள் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியவன். இன்று குளியலறையில் ஒரு ஜோடி செருப்பை வாளியால் மூடி வைத்திருக்கிறேன். வெட்கம். ஆனால் நாளை ஹன்னா வருகிறாள். அதற்குள் இது வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

எதிர்வீட்டு மிஸஸ் லிம்மிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். செருப்பைச் சும்மா கொடுக்கவே கூடாதாம், வாங்கியவர் நம்மைவிட்டு நடந்து போய்விடுவாராம். பத்து சென் காசாவது வாங்கிக்கொள் என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பக்கத்து வீட்டு பாக் ஹசான் வேறு மாதிரி. என்னை 'சிக்கு' என்பார்; அவர் மொழியில் வாத்தியார். தெருமுனையில் அவர்களுடைய சிறிய தொழுகைக்கூடமான சூராவில், தொழுகைக்கு முன் கால் கழுவப் போகிறவர்கள் வாசலில் கிடப்பதைப் போட்டுக்கொண்டு போவார்களாம். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. "செருப்புல என்னா இருக்கு, சிக்கு? வெறும் ரப்பர்!"

பீடை ஒட்டும் என்று நம்பாதவர்களை அது ஒட்டாது அல்லவா? மதியம் சூராவ் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நியாயம்தானா? வலி குறையவில்லை.

ஜூன் 10, புதன்
வந்துவிட்டார்கள். ஹன்னா என்னைவிட உயரம். ஷூவோடு கூடம்வரை வந்துவிட்டாள். "ஹன்னா, ஷூ! வெளிய!" என்று குமரன் அதட்டினான். பாவம், முகம் சிவந்து, கழற்றிக் கையிலெடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். நான் பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேநீரின்போது ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்பா, ஏன் நொண்டுகிறீர்கள்? நேராகச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் மறைப்பதுதான் மரியாதைக் குறைவு."

பிள்ளைத்தாய்ச்சியிடம் பயப்படும்படி எதையும் நாம் சொல்வதில்லை. "வயசு" என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

மாலையில் பேய்மழை. வாசலில் சாரல்.

ஜூன் 11, வியாழன்
நல்ல வெயில். மாடியில் சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கீழே பாக் ஹசான் குரல்.

"சிக்கு! சனிக்கெழம போட்டுட்டு வந்தீங்களே, அந்தச் செருப்ப சூராவ்ல விட்டுட்டீங்களே! வாத்தியாருக்கே மறதியா? அதிசயம், ஒருத்தன்கூட அதத் தொடல. அப்படியே கெடந்துச்சு. வாசல்ல வச்சிட்டேன்!"

தீக்குச்சி விரலைச் சுட்டது. கதவு திறக்கும் சத்தம்.

"அப்பா, என் ஷூ நனைந்துவிட்டது! இந்தச் செருப்பைப் போட்டுக்கொள்கிறேன். கடையில் சாப்பிட ரொட்டி சானாய் வாங்கி வருகிறேன்!"

ஓடினேன். மாடிப்படி, கூடம், வாசல், கேட். மஞ்சள் சட்டை அதற்குள் தெருவில் பாதி தூரம். "ஹன்னா!"

திரும்பினாள். "கச்சிதமாக இருக்கிறது, அப்பா!" கையை ஆட்டிவிட்டு நடந்தாள். இடது காலை லேசாக இழுத்து.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறேன். முழங்காலில் வலி இல்லை.