வண்டிப் பலகையில் போமோன்

பள்ளிபாளையம்
25-1-1937

சாமி குமாரசாமிக்கு, அம்மா அத்தாயி சொல்லத் தங்கை ராசாத்தி எழுதுவது. இங்கே நாங்களும் மாடுகளும் சுகம். கடல் தாண்டி சைகோனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே நம்புகிறோம். (அண்ணா, அடைப்புக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அம்மாவுக்குத் தெரியாது.)

உன் கடிதத்தை ராசாத்தி வாசித்தாள். பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் குடும்பப் பெயர் எழுதினால்தான் வேலை நிலைக்கும் என்றும், நம் கொல்லிமலையை நினைத்து, அழகான மலை என்று பொருள்படும் 'போமோன்' என்ற பெயரைத் தேர்ந்திருப்பதாகவும், அப்பா சம்மதித்தால்தான் கையெழுத்திடுவாய் என்றும் எழுதியிருந்தாய். அப்பா பாதியிலேயே எழுந்துவிட்டார். "எம் பேரு அவனுக்குப் பத்தலையா?" என்றவர் மூன்று நாள் உன் பேச்சே எடுக்கவில்லை.

நாலாம் நாள் நூல் மூட்டை ஏற்ற வண்டி பேச வந்த மாதையன், "தம்மம்பட்டியார் ஊடு இதுதானுங்களே?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் குறும்புக்காரி ராசாத்தி, "அந்தப் பேருல இங்க ஆருமில்லீங்க, எங்கப்பாரு பேரு வெள்ளியங்கிரி" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். (பாவம், ஆற்றங்கரை வரை போய்விட்டார்.) அப்பா ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து, "ஏங்கழுதை, மூணு தலைமொறையா நாம தம்மம்பட்டியாருன்னு தெரியாதா?" என்று கத்தினார். இவள் அசராமல், "உங்கப்பாரு பேரு உங்களுக்குப் பத்தலீங்களாப்பா?" என்று கேட்டு, கடிதத்தின் மீதியைப் படித்தாள். பிரான்சில் போமோன் என்று பல ஊர்களாம், அங்கிருந்து கிளம்பியவர்களுக்கும் அதே பெயராம், உன் மேலதிகாரியும் ஒரு போமோனாம், ஆனால் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையாம். கொல்லிமலை அடிவாரத்தில் நம் முன்னோர் கிளம்பிவந்த தம்மம்பட்டியை உன் அப்பாவும் பார்த்ததில்லையே!

அப்பா மாதையனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, வர்ணம் அடிக்கிற அர்த்தநாரியைக் கூட்டிவந்தார். இப்போது நம் வண்டிப் பலகையில் 'தம்மம்பட்டியார் வெள்ளியங்கிரி', அதன் கீழே 'மகன் போமோன் குமாரசாமி, சைகோன்'. (முதல் எழுத்தே 'போ'. இனி மாட்டுக்குத் தார்க்குச்சி வேண்டாம்.) சந்தையில் யாராவது, "அது எந்தூருங்க?" என்று கேட்டால், "அதுவும் மலையடிவாரந்தானுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்கிறார்.

ஆகையால் தயங்காமல் கையெழுத்துப் போடு சாமி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதே. எடுத்த பெயரும் கொடுத்த பெயரும் உன்னால் விளங்கட்டும், நூறு வயது இரு.

இப்படிக்கு,
தம்மம்பட்டியார் ஊட்டு அத்தாயி
(கைநாட்டு அம்மாவுடையது. பக்கத்தில் உள்ள பெரிய கட்டைவிரல் அப்பாவுடையது. நான் கேட்கவே இல்லை, அவரே வந்து வைத்தார்.)