பம்பு நின்ற பிறகு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

சென்ற வாரம் ஒரு சின்ன சமாச்சாரம், பயப்பட ஒன்றுமில்லை. எரிவாயு எடுக்க, நிலத்துக்கடியில் ஷேல் என்னும் அடுக்குப் பாறைக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்தி விரிசல் உண்டாக்குகிறோம் அல்லவா? விரிசல் விடும் ஒவ்வொரு இடமும் என் திரையில் புள்ளியாக விழும். அன்று புது விரிசல் ஒரு பழைய விரிசலில் போய்ச் சேர்ந்து, அதன் வழியே பக்கத்துத் தோட்டக்காரம்மாவின் ஆழ்துளைக் கிணற்றை நோக்கித் திரும்பியது. கத்தினேன். உடனே பம்பை நிறுத்தினார்கள். புள்ளிகள் நிற்கவில்லை.

"அதான் நிறுத்தியாச்சே, இன்னும் என்ன?" என்றார் மேலாளர்.

"உள்ள போன அழுத்தம் அடங்கணும் சார். அதுவரைக்கும் வளரும்."

புள்ளிகள் அடங்கும்வரை இருபது நிமிடம் எல்லோரும் திரையையே பார்த்தோம்.

மறுநாள் அந்தம்மா வழக்கம்போல் வேலியோரம் செம்பில் தன் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். "எங்க கிணத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல கண்ணு?"

கிணற்று நீரின் சோதனை முடிவு வரும்வரை வாய் திறக்கக் கூடாதென்று உத்தரவு. செம்பை வாங்கிக் குடித்தேன்.

போர்வை ஒன்று அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்களும் பாப்பாவும் போர்த்துவதே போதும். துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உங்கள் அவசரக்காரி