துணி போர்த்திய பலகை

மகளே,

எங்கள் பல்கலைக்கழகம் உங்கள் கம்பெனியோடு கூட்டுச் சேரலாமா என்று பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். கம்பெனியின் பெயர்ப்பலகையை முன்பே, கூட்டம் நடந்த ஆய்வகச் சுவரில் மாட்டி, துணி போர்த்தியிருந்தார்கள். ஃபேன் காற்றில் துணி விலகியது. துணைவேந்தர் ஃபேனை நிறுத்தச் சொன்னார். வியர்க்க வியர்க்கக் கருத்துச் சொன்னோம்.

பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கம்பெனி எதற்குக் கேட்கிறது என்றேன். மேடையிலிருந்து நீதான் பதில் சொன்னாய்: "நல்ல கேள்வி சார், அப்புறம் தனியாப் பேசலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீ மேடையேறியதில் அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னை சார் என்றதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா, தனியாகப் பேசலாம். நம் வீட்டில் ஃபேனை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

அப்பா