ஹெட்லைட்டில் தேடிய கோளாறு

மாமா,

இன்றைக்குச் சிதம்பரம் மேல வீதிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது, எதிரே வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையை விரித்து, மூடி, மறுபடி விரித்துக் காட்டினார். "லைட்டு எரியுதும்மா" என்றார். நல்ல வெயில் நேரம். இப்போது வருகிற வண்டிகளில் அப்படித்தான் மாமா, கிளப்பியதுமே முன்விளக்கு எரியும், அணைப்பதற்குச் சுவிட்சே கிடையாது. அதை அவருக்கு விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் தெற்கு வீதி திரும்புவதற்குள் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு பாத்திரக்கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் மேலே போனேன்.

நம் பழைய வண்டியை நினைத்துக்கொண்டேன். 2004இல் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவரிடம் வாங்கி வந்தீர்கள். டேங்கில் பெயின்ட் உரிந்திருந்தது, சீட்டு கிழிந்திருந்தது. "இன்னா மாமா இது, காயலாங்கடைக்குப் போனத வழியில மடக்கி இட்டாந்தீங்களா?" என்று கேட்டேன். "இஞ்சினு கல்லு மாதிரி இருக்கு, நீ சும்மா இரு" என்றீர்கள். மருந்து மொத்தக் கடைக்கு ஆர்டர் எடுக்கிற வேலை உங்களுக்கு. முதுநகரில் நம் வீட்டிலிருந்து கிளம்பி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், சிதம்பரம் என்று மருந்துக்கடைகளாக ஏறி இறங்கி, சில நாள் சேத்தியாத்தோப்பு வரைக்கும் போய்விட்டுப் பொழுது சாய்ந்து திரும்புவீர்கள். வண்டி இல்லாதவனுக்கு அந்த வேலை கிடையாது. அது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

வாங்கி இரண்டு வருடம் கழித்து ஹெட்லைட்டு கண்ணாமூச்சி ஆடத் தொடங்கியது. எரியும், அணையும், மேட்டில் குதித்தால் மறுபடி எரியும். பல்பு மாற்றினீர்கள். சுவிட்சைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினீர்கள். மெக்கானிக் சலீம் பாயிடம் விடுங்கள் என்றால் கேட்பீர்களா? உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டீர்கள். பகலில் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியாதே. அதனால் கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நான் உட்கார வேண்டும், கையில் வெளிச்சம் விழுகிறதா என்று சொல்ல வேண்டும்.

"வருதா?"

"வருது."

"இப்ப?"

"வருது. வருது. போயிடுச்சு. இப்ப இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஹேண்டில்பாரத் திருப்புனேன்."

"இன்னொரு வாட்டி திருப்புங்க. இடது பக்கம்."

இடது பக்கம் திருப்பினால் போனது, நேராக்கினால் வந்தது. ஹேண்டில்பார் கழுத்துக்கு அடியில் போகிற வயர்க் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு வயர் மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே கம்பி மட்டும் அறுந்துபோயிருந்தது. முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினீர்கள். அன்றைக்கு முழுவதும் தெருவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "தனந்தான் கண்டுபுடிச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாம் சேர்ந்து செய்து முடித்த முதல் காரியம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்த வெற்றிதான் பிறகு நம்மை ஏமாற்றியது. 2009 மழைக்காலத்தில் "லைட்டு மங்கலா இருக்கு தனம்" என்று மறுபடி ஆரம்பித்தீர்கள். ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்ட வண்டி அல்லவா, பழி முழுவதையும் அதன் தலையிலேயே போட்டோம். அதிக வாட் பல்பு வாங்கி மாட்டினீர்கள். அதற்குப் போதுமான கரன்ட்டை இஞ்சினில் இருக்கிற காயில் கொடுக்கவில்லை, இன்னும் மங்கியது. பழைய பல்பையே திரும்பப் போட்டோம். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரை மாற்றினோம். எர்த் வயர் பிடிக்கிற இடத்தைச் சுரண்டித் துருவை எடுத்தோம். கடைசியில் பிடிவாதத்தை விட்டுச் சலீம் பாயிடமே போனீர்கள். அவர் காயிலைப் புதுசாகச் சுற்றிப் போட்டுவிட்டு, "அண்ணே, புது வண்டியில கூட இவ்ளோ வெளிச்சம் வராது" என்றார். வீட்டுக்கு வந்து "ஏமாத்துறான்" என்றீர்கள். செம்மங்குப்பம் வரைக்கும் தொழிற்சாலை விளக்கு இருப்பதால் பரவாயில்லை, அதைத் தாண்டினால் ரோடே தெரியவில்லை என்றீர்கள். ஒரு நாள் ஆலப்பாக்கத்துக்கிட்டே ரோட்டில் படுத்திருந்த மாட்டின்மேல் ஏற்றாமல் மயிரிழையில் தப்பி வந்ததாகச் சொன்னீர்கள்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். பின்வீட்டு மதிலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "வந்து பாரு, இதெல்லாம் ஒரு வெளிச்சமா?"

பார்த்தேன். மதில் பளிச்சென்று இருந்தது. முருங்கை இலையின் நிழல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்திருந்தது. பின்வீட்டுக்காரர் காலையில்தான் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தார், இங்கே குப்பை கொட்டாதீர்கள் என்று.

"நல்லாத்தான வருது மாமா."

"எங்க வருது?"

"சொவுத்துல எழுதியிருக்கே, அது தெரியுதா?"

"எழுதியிருக்கா? ஒண்ணும் எழுதலியே" என்றீர்கள்.

உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்க முயன்றீர்கள். அதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. இஞ்சினை அணைத்தீர்கள். பிறகு, "வேற கம்பெனி பல்பு போட்டுப் பாக்கலாம்" என்றீர்கள். நான் சரி என்றேன்.

மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். சுகர் கண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். லேசர் வைத்து இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைக் கொண்டுவர முடியாது, வண்டி ஓட்டவே கூடாது என்றார். ஊருக்கெல்லாம் சுகர் மாத்திரைக்கு ஆர்டர் எடுத்த மனுஷன் நீங்கள், உங்கள் மாத்திரையை மட்டும் ஞாபகம் வந்தபோது போட்டுக்கொண்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை மாமா. சாகும்வரை தீராது என்று நினைக்கிறேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "மொதலாளிகிட்ட சொல்லிடாத, வேலைய உட்டுத் தூக்கிடுவாரு" என்றீர்கள்.

"சொல்லல. ஆனா நீங்க இனிமே ஓட்டக் கூடாது."

"அப்புறம் யாரு ஓட்டறது, உங்கப்பனா?"

"நான் ஓட்டறேன்."

சிரித்தீர்கள். அந்த ஒரு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன். துறைமுகத்துப் பக்கம் காலி இடத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு "கிளச்சப் புடி, புடி, ஐயோ உட்டுட்டியே" என்று நீங்கள் கத்தியதில்தான் பாதி பயம் வந்தது. புருஷனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். முதலாளிக்கும் ஒரு நாள் தெரிந்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு ஓட்டுனா இன்னா, ஆர்டர் வந்தா சரி" என்றார். வேலை போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அழுதீர்கள். நான் பார்க்காத மாதிரி ரசம் கொண்டுவரப் போனேன்.

பிறகு வந்த இரண்டு வருடமும் அந்த ரோட்டில் நாம் பேசிக்கொண்டே போனோம். தொழிற்சாலை வாடையை வைத்தே செம்மங்குப்பம் வந்துவிட்டது என்பீர்கள். கடைக்காரர் குரலைக் கேட்டதும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள். அவர்களில் பலருக்கு உங்கள் கண் எவ்வளவு போயிருந்தது என்பதே தெரியாது. 2011 கடைசியில் புயல் அடித்து, ரோட்டை ஒழுங்காக்கிய பிறகு முதல் தடவை ஆர்டர் எடுக்க லைனுக்குப் போனோம். விழுந்த மரங்களைப் பற்றி உங்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும், "இன்னா தனம், நெழலே காணோம்?" என்று கேட்டீர்கள். முகத்தில் விழுந்த வெயிலை வைத்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு மரமாகக் கேட்டீர்கள், அது இருக்கா, இது இருக்கா என்று.

அடுத்த வருடம் சிறுநீரகமும் கைவிட்டது. நானும் படித்துக்கொண்டிருந்த நம் பெண்ணும் உங்களைச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண் கூசுகிற வெயில். நீங்கள் தலையைத் திருப்பி, "இருட்டிடுச்சா?" என்று கேட்டீர்கள்.

"ஆமா மாமா, இருட்டிடுச்சு" என்றேன்.

"அப்ப நீ கெளம்பு. பொண்ணு ஊட்ல தனியா இருக்கும்."

"போறேன்."

"மெதுவா போ. அந்த ஹெட்லைட்டு சரியில்ல."

அதற்குப் பிறகு நீங்கள் தெளிவாகப் பேசவில்லை. விளையாட்டாகச் சொன்னீர்களா, இல்லை கடைசிவரைக்கும் வண்டியைத்தான் சந்தேகப்பட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் லைனை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். அதே கடைகள், அதே ரோடு. பெண் படித்து முடித்துவிட்டாள், இந்த ஸ்கூட்டர் அவள் சம்பளத்தில் வாங்கியது. விளக்கு ரோட்டின் கடைசிவரை அடிக்கிறது. ஆனாலும் பொழுது சாய்ந்து திரும்பும்போது ஆலப்பாக்கத்துக்கிட்டே என் கை தானாக வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போகிறார்கள். போகட்டும். நான் மெதுவாகத்தான் போகிறேன், மாமா.

தனம்