வண்டி கிளம்பிய இடம்

ராயபுரம்
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ஜானட் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். தோஹாவில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லா மன்றாட்டையும் இன்று பூசையில் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். இந்த ஒற்றை அறையில் வேறு எங்கே போய் உட்காருவது? ஜெரினா அக்கா விடுமுறை முடிந்து வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். கருவாடு, மிளகாய்த்தூள், உன் மூக்குக்கண்ணாடிக்குப் புது ஃபிரேம் எல்லாவற்றோடும் இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டைக் கவர் மேல் கவர் போட்டு அப்பாவே சுற்றினார். அப்படியும் ஜெரினா அக்கா, "இன்னா தாமஸ் அண்ணே, பொட்டியத் தொறந்தா ஏர்போர்ட்டே காசிமேடு ஆயிடுமே" என்று கிண்டல் செய்தார்.

எனக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்தது. வேதியியல் பரவாயில்லை. நூலகத்தில் பெரிய உலக வரைபடப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். அதில் தோஹா என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. இருந்தாலும் நீ கார் ஆப்பில் அனுப்பும் பயணங்களைப் பார்த்துப் பார்த்து, நம் கல்மண்டபத்தைவிட தோஹாவின் தெருக்கள் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டன.

அப்பாவின் ட்ரெய்லர் வழக்கம்போல எண்ணூர் சாலையில்தான் நிற்கிறது. துறைமுகத்துக்குள் விட இரண்டு நாள்கூட ஆகிறது. சாயங்காலம் கிளீனரை வண்டியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துபோகிறார். "வண்டி ஓட்றவன்னு பேரு, நின்னுகினே இருக்கிறதுதான் வேல" என்கிறார். இருமல் இருக்கிறது, சிரப் குடிக்கிறார். குடிக்காவிட்டால் உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா, இனி நான் எழுத வந்த விஷயம்.

கம்பெனி வேன் நின்றுபோய், நீ ஆப்பில் கார் கூப்பிட ஆரம்பித்த முதல் நாள் நினைவிருக்கிறதா? பயணத்தைப் பகிர்வது எப்படி என்று நான் இங்கிருந்து சொல்ல, நீ அங்கே ஒவ்வொரு பொத்தானாகத் தேடினாய். உன் கார் என் போனில் சின்னப் பொம்மைபோல் நகர ஆரம்பித்ததும் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் விளக்கு வைத்த நேரத்து வேலை. உனக்கு அங்கே வெயில் தாழும் நேரம். அப்பா இங்கிருந்தே அந்த ஓட்டுநரை அதட்டுவார். "டேய், இன்னாத்துக்குடா சுத்திகினு போற? ரைட்ல ஒடிச்சா வந்துச்சு." ஒரு நாள் கார் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஓட்டுநர் தொழுகைக்குப் போயிருக்கிறார் என்று நீ சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். "ஏசிய போட்டுட்டுப் போனானா, அதக் கேளு" என்றார்.

நீ உன் அறைக்கு வந்து சேர்ந்ததும் பொம்மை மறைந்துவிடும். அப்பா சோற்றில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

நீ வழியில் ஆள் ஏற்றிய கதையை நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்து, சிக்னலில் கதவைத் திறந்து, "வாங்கமே, சீட்டு காலியாதானே கீது, குந்துங்க" என்று உட்கார வைத்துவிட்டாயாம். ஓட்டுநர் கையை ஆட்டி ஆட்டிக் கத்த, அவர் கூலி கேட்கிறார் என்று நினைத்து நீ அவரைத் தட்டிக்கொடுத்தாயாம்! அப்பா கேட்டுவிட்டு, "டோல்கேட் ஷேர் ஆட்டோன்னு நெனச்சிகினா போல ஒங்கம்மா. நல்லவேள, டிரைவர் பக்கத்துல ஒராள ஏத்தாம வுட்டா" என்று புரை ஏறும்வரை சிரித்தார். எனக்கும் சிரிப்புதான். ஆனால் ஓட்டுநர் புகார் கொடுத்து உன் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றதும் சிரிப்பு போய்விட்டது.

நான்தான் உனக்காக ஆங்கிலத்தில் முறையீடு எழுதினேன். எங்கள் ஊரில் காலி இருக்கையோடு ஒரு வண்டி போனால், நிற்பவரை ஏற்றிக்கொள்வதுதான் மரியாதை, என் அம்மா விதியை மீறவில்லை, பழக்கத்தை மீற முடியவில்லை என்று எழுதினேன். சௌமியா மிஸ் படித்துவிட்டு ஒரு கமாகூட மாற்றவில்லை. நீ அதை அனுப்பினாய். மறுநாளே, "ஓப்பன் ஆயிடிச்சுடி, என் வக்கீலம்மா" என்று உன் குரல் வந்தது.

கணக்குத் திறந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பயணம்கூட நீ பகிரவில்லை.

கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறாய். தோஸ்து வண்டியில் வந்தேன் என்கிறாய். இருட்டிய பிறகு, "ரூமுக்கு வந்துட்டேன்" என்று ஒரு வரி வருகிறது. விளக்கு வைத்ததிலிருந்து அந்த ஒரு வரி வரும்வரை நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படிக்கிறேன். அப்பா போனைக் கேட்பதில்லை. தெருமுனைவரை போய்ப் போய் வருகிறார்.

நீ மறக்கிறவள் இல்லை, அம்மா. என் தடுப்பூசித் தேதியெல்லாம் இன்னும் உனக்கு மனப்பாடம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் உன் கார் நீ வேலை செய்யும் கிளினிக் வாசலிலிருந்து கிளம்பும். கணக்கு முடங்குவதற்கு முன்னால் சில நாட்களாக அது வேறு இடத்திலிருந்து கிளம்பியது. பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே மருந்துக்கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. உயர்ந்த மதில் வைத்த பெரிய வீடுகள் மட்டும்தான். அங்கிருந்து கிளம்பி, கிளினிக் வாசலைத் தாண்டி, பிறகு உன் அறைக்கு வந்தது. அப்பா வந்து கைகால் கழுவிவிட்டு உட்காருவதற்குள் கார் எப்போதும் கிளினிக்கைத் தாண்டியிருக்கும். அதனால் நான் மட்டும்தான் பார்த்தேன்.

இன்னொன்று. நீ காரில் ஏற்றிய அந்தப் பெண்களை அன்றுதான் முதல்முறை பார்த்ததாகச் சொன்னாய். ஆனால் அவர்கள் வேலை செய்யும் வீட்டில் குழந்தைக்குப் பல் முளைப்பதுவரை உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு சிக்னலுக்குள் அவ்வளவு பேசிவிட முடியுமா? நேற்று ஜெரினா அக்காவும், "கிளினிக்ல ஆளக் கொறச்சதுலேந்து ஒங்கம்மா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் கருவாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்பா உன்னை அனுப்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் வாங்கிக்கொண்டார். "கிளினிக்கு வேலைன்னா போ, ஃப்ளோரன்ஸு. எவன் வூட்டுக்குள்ளயும் போயி வேல செய்யாத." சுகிர்தம் அத்தை குவைத்தில் ஒரு வீட்டுக்குள்ளேயே போனும் இல்லாமல் அடைபட்டுக் கிடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் நீ சொல்லாமல் இருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. என் பள்ளிக்கூடத்துக்காகத்தான் திரும்பி வராமல் இருக்கிறாய் என்பதும் புரிகிறது. அது புரியும்போது புத்தகம் கையில் கனக்கிறது.

ஆனால் அம்மா, அத்தை எந்த வீட்டில் இருந்தார் என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. அதுதானே எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது? நீ எந்தக் கதவிலிருந்து வெளியே வருகிறாய் என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது தெரியவேண்டும்.

அதனால் நான் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். காரில் ஏறியதும் பயணத்தை எனக்கு அனுப்பிவிடு. அப்பா வந்தால் பாடம் படிப்பதுபோல் போனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். கார் கிளினிக்கைத் தாண்டிய பிறகுதான் அவர் கையில் கொடுப்பேன். நான் எதுவும் கேட்கமாட்டேன். அந்த வீட்டில் உன்னை எப்படி வைத்திருக்கிறார்கள், உன் பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் ஜெரினா அக்காவிடம் சொல், அவர் அங்கிருந்து எனக்குச் செய்தி அனுப்பட்டும்.

இதுவரை எழுதிவிட்டு மடித்து வைத்திருந்தேன். இப்போது திரும்பவும் பிரிக்கிறேன்.

அப்பா கவரை ஒட்டப் பசை எடுத்துக்கொண்டு வந்தார். யாருக்கு, என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. பசை டப்பாவைத் திறந்து என் பக்கத்தில் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஒங்கம்மாவுக்கு ஒண்ணு எழுதும்மா. வண்டி எங்கேந்து கெளம்பினா இன்னா? ஏறினதும் அனுப்பச் சொல்லு, போதும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார்.

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் கைகால் கழுவ அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். மேலே நான் எழுதிய வழி இனி வேண்டாம். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீயும் படித்துக்கொள்.

மாதா உன் கூடவே இருக்கட்டும். எந்த வண்டியில் ஏறினாலும் முன் இருக்கையில் உட்காராதே. வெயிலில் நிற்பவர்களைப் பார்த்தால் உன் மனது கேட்காது, தெரியும். ஏற்றிக்கொள். மறுபடியும் முடக்கினால் மறுபடியும் எழுதிக் கொடுக்கிறேன். விமான நிலையத்துக்கு ஒரு நாள் கார் கூப்பிடுவாய் அல்லவா, அதையும் மறக்காமல் அனுப்பு. அன்றைக்கு அது எங்கேயிருந்து கிளம்பினாலும் முதலிலிருந்தே மூன்று பேரும் சேர்ந்து பார்ப்போம், நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு, நாங்கள் இங்கே.

சோறு வடித்துவிட்டேன். அப்பா இன்னும் சாப்பிட உட்காரவில்லை.

உன் அன்பு மகள்,
ஜானட்