இரண்டு ஒயரும் ஒரே பக்கம்

அக்டோபர் 13, திங்கள்

கடலூரில் காலையிலேயே மழை. சிதம்பரத்தில் இறங்கினால் சுள்ளென்று வெயில். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது. இந்த வருடத்தில் இரண்டாவது குடை.

11.10க்கு கரண்ட் கட். கூடவே என் பொறுப்பில் இருக்கும் லேப் சர்வரும் அவுட். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஒரு ரிப்போர்ட்கூட எடுக்க முடியவில்லை. புவனகிரியிலிருந்து ஒரு அம்மா, டயாலிசிஸுக்கு முன்னால் டாக்டரிடம் ரத்த ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியவர், கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிசப்ஷன் ஜெயந்தி அவரிடம் "அஞ்சே நிமிசம்மா" என்று பத்து தடவை சொல்லியிருப்பாள். எனக்கு அழுகை வராத குறை.

புரியவே இல்லை. சர்வர் பெட்டியின் முதுகில் பவர் சப்ளை இரண்டு. ஒன்றின் ஒயர் யூபிஎஸ் 1க்கு, மற்றதன் ஒயர் யூபிஎஸ் 2க்கு. ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும். அதற்குத்தானே இரண்டு?

கடலூர் கிளையிலிருந்து மேனேஜர் போன். "யார் என்ன பண்ணாங்கன்னு நாளைக்குள்ள எனக்கு மெயில் வரணும் கவிதா."

வாங்க வேண்டியது: தம்பிக்கு ஸ்கூல் ஷூ. துவரம் பருப்பு. குடை.

அக்டோபர் 14, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யோசித்துக்கொண்டே வந்தேன்.

போன மாதம் நான் போட்ட செட்டிங்தான் வினையோ? மேனேஜர் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டுச் சொன்னது. இரண்டு சப்ளையும் ஆளுக்குப் பாதி சுமந்தால் இரண்டுமே அரைகுறையாக ஓடுமாம், கரண்ட் சூடாகவே வீணாகுமாம். ஒன்று முழுதாகச் சுமக்க, மற்றது தூங்கினால் மிச்சமாம். சரி என்று தூங்க வைத்தேன். அது எழுந்திருக்கவில்லையோ? தூங்குவதற்கும் பச்சை விளக்கு, வேலை செய்வதற்கும் பச்சை விளக்கு. எதை நம்புவது?

சர்வர் கம்பெனி இன்ஜினீயருக்கு போன் போட்டேன். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எந்திரிச்சிடும் மேடம். மொதல்ல ஒயரு எங்க போவுதுன்னு பாருங்க."

பார்த்தேன். இரண்டு ஒயரும் யூபிஎஸ் 1இல்! அதன் பேட்டரி பழசு. மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியன் ஏழுமலை அண்ணன் ஆடி மாதமே சொன்னார். நேற்று அது படுத்ததும் இரண்டு சப்ளையும் சேர்ந்து படுத்துவிட்டன. பக்கத்தில் யூபிஎஸ் 2 ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் மாட்டியிருந்தது ஜெயந்தியின் போன் சார்ஜர் மட்டும்.

ஒயரை யார் மாற்றியது? போன வாரம் அங்கே புது பிளக் பாயின்ட் போட்டது ஏழுமலை அண்ணன்தான். வேறு யார் உள்ளே வருகிறார்கள்?

மெயில் அனுப்பிவிட்டேன். "எலக்ட்ரீஷியன் வேலை செய்தபோது மாற்றியிருக்க வாய்ப்பு." வாய்ப்பு என்றுதான் எழுதினேன்.

அக்டோபர் 15, புதன்

மழை, நாள் பூராவும்.

மேனேஜர் பதில் ஒரே வரி. அந்த எலக்ட்ரீஷியனை இனிமேல் கூப்பிட வேண்டாம், இரண்டு கிளையிலும்.

இரண்டு கிளையிலும்! நான் அதைக் கேட்கவில்லையே.

கடலூரிலிருந்து அவருக்கே சொல்லிவிட்டார்களாம், மத்தியானம் ஏழுமலை அண்ணனே வந்தார். வண்டியில், சொட்டச் சொட்ட. வாசல் மேட்டிலேயே நின்றுகொண்டார்.

"நான் பிளக் பாயின்ட்டு மட்டுந்தான் போட்டேன் மேடம். அந்தப் பொட்டி பக்கம் கையே வைக்கல. எட்டு வருசமா வர்றேன், உங்களுக்குத் தெரியாதா?"

"நான் சார்கிட்ட பேசறேண்ணா."

என்ன பேச? அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒயர் தானாக நடந்து போயிருக்கவும் முடியாது. தலை கிறுகிறுக்கிறது. மாத்திரை போட்டேன், கிறுகிறுப்பு பசியாலா தலைவலியாலா என்றும் தெரியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

சாப்பிடும்போது ஜெயந்தியிடம் சும்மா புலம்பினேன், அந்த ஒயரை யார்தான் மாற்றியிருப்பார்கள் என்று.

அவள் தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நீங்கதானக்கா மாத்துனீங்க. ஆயுத பூஜை அன்னைக்கு."

"நானா?"

"ஆமாம். பூஜைத் தட்டு வைக்க எடமில்ல, ஒயரு குறுக்க வருது, போட்டோவுல அசிங்கமா இருக்குதுன்னு. அப்புறமா திருப்பிப் போட்டுக்கலாம்னீங்க. நாந்தான குத்துவெளக்கப் புடிச்சிக்கினு நின்னேன்."

"இத ஏண்டி சொல்லல?"

"யாருமே என்னைக் கேக்கலையே."

போனில் அன்றைய படத்தைத் தேடினேன். நான் ஸ்டேட்டஸ் வைத்த படம். சாமந்தி மாலை, சர்வருக்குச் சந்தனம் குங்குமம், பொரி கடலை. பின்னால் இரண்டு கறுப்பு ஒயர், ஒழுங்காகச் சேர்த்துக் கட்டி, ஒரே பக்கமாக. ஏழுமலை அண்ணன் பிளக் பாயின்ட் போட வந்தது அதற்கு அஞ்சு நாள் கழித்து.

ஒரு ஒயரைப் பிடுங்கினாலும் சர்வர் நிற்காது, சத்தமும் போடாது. கம்பெனிக்காரர்கள் அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இரண்டிலும் பச்சை எரிந்தது, நானும் பொரியைத் தின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். எப்படி ஞாபகமே இல்லை? நிஜமாகவே மறந்தேனா, இல்லை மறந்தது சௌகரியமாக இருந்ததா? வெட்கமாக இருக்கிறது.

ஒயரை யூபிஎஸ் 2க்கு மாற்றினேன். ஜெயந்தியின் சார்ஜரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தூறல். வந்ததும் முதல் வேலையாக மெயில். நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில், "ஒயரை மாற்றியது நான். ஏழுமலை மீது எந்தத் தவறும் இல்லை. என்னை மன்னிக்கவும்." படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

பதில் பத்து நிமிடத்தில். "நோட்டட். இனிமேல் சர்வர் ரூமில் பூஜை வேண்டாம். புதிய எலக்ட்ரீஷியனிடம் நேற்றே பேசி முடித்தாகிவிட்டது. திங்கள் தீபாவளி, செவ்வாய் வருவார்."

போன் போட்டேன். சார் மீட்டிங்காம். மறுபடி போட்டேன். மீட்டிங்.

ஏழுமலை அண்ணனுக்குப் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"வுடுங்க மேடம். புதுசா வர்றவருகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. ரெண்டாவது யூபிஎஸ்ஸு பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும். இந்த வாரம் நான் வந்து ஊத்தலாம்னு இருந்தேன்."

யூபிஎஸ் 2, பேட்டரி தண்ணீர். செவ்வாய் வருகிறவரிடம் சொல்ல வேண்டும்.