ஒரே ரிங்கில் கட் ஆன போன்

என் சாவியைக் கீழ்வீட்டு டெய்லர் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இனி அது அங்கேயே இருக்கட்டும். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சூடு பண்ணிக்கொள். குழாய் ரிப்பேர்க்காரர் மதியம் வருவார்.

என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நேற்று வந்ததும் சொன்னேன். அது பொய். காலையில் சண்டை போட்ட ஆத்திரத்தில், அச்சகத்துக்குப் போகும் பஸ்ஸிலேயே உன் நம்பரை பிளாக் செய்தேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்து, வேலையில் மறந்தே போனேன்.

இப்போது அந்த பிளாக்கை எடுக்கும்போதுதான் உன் மெசேஜ்களைப் பார்த்தேன். பிளாக் செய்தவை போய்ச் சேரும் இடத்தில், கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தன.

"சாவிய உள்ள வச்சுட்டுக் கதவ இழுத்துச் சாத்திட்டேங்க. மழை வேற. சீக்கிரம் வாங்க."

கடைசியாக: "ஒரே ரிங்ல கட் ஆகுது. பிளாக் பண்ணிட்டீங்கபோல. பரவால்ல, நனையாம வாங்க."

தெரிந்தேதான் படிக்கட்டில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாய். நான் சார்ஜ் கதை சொன்னபோதும், "சரி, மொதல்ல தலையத் துவட்டுங்க" என்றாய்.

உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அதனால்தான் எழுப்பாமல் கிளம்புகிறேன்.

மறந்துவிட்டேன்: போனில் முழுச் சார்ஜ் இருக்கிறது. திட்டுவதற்காவது கூப்பிடு.